பத்தில் ஆறு

மார்ச் 2, சனி

அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவின் அறையில் விளக்கு அணைந்து அரை மணி நேரம் ஆகிறது. கணக்கு ரஃப் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். யாராவது கதவைத் திறந்தால் புரட்டிப் போட்டுவிடலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் இருபத்து நாலு நாள்தான், படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்று பத்துத் தோட்டாக் கூடுகளைப் புளித் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற அதே புளி. துடைத்து வெயிலில் வைத்தபோது தங்கம் மாதிரி மின்னின.

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். அப்பாவிடம் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. மவுசர். நூறு வயதுக்கு மேல் ஆன ஜெர்மன் சாமான். தாத்தாவின் அப்பா மலையில் ஏலக்காய்த் தோட்டத்தை ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியபோது இதையும் சேர்த்து வாங்கினாராம். அதன் உறை மரத்தில் செய்தது. அந்த உறையையே பின்னால் மாட்டித் தோளில் தாங்கியும் சுடலாம். இந்த மாதிரி நம் பக்கத்தில் எத்தனை இருக்கும் என்று யாராவது கேட்டால் அப்பா ஒரு விரலை மட்டும் காட்டுவார்.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அதனால் சுட்ட கூட்டையே பொறுக்கிவந்து, அடியில் தட்டினால் பொறி கிளப்புகிற கேப்பைப் புதிதாக வைத்து, உள்ளே வெடிமருந்து போட்டு, மேலே குண்டைப் பொருத்தி வீட்டிலேயே செய்துகொள்கிறோம். அதற்கு லைசென்ஸ் கிடையாது. ஏலக்காய் தரம் பிரிக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வது அதனால்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்து வலது கை நடுங்க ஆரம்பித்தது. அதன்பின் கீர்த்தனா அக்காதான் இதைச் செய்தாள். "என் மூத்தவ கை தராசு மாதிரி" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எதைச் சொல்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், சிரிப்போம்.

தை மாதம் அக்கா போய்விட்டாள். எபினேசரைக் கல்யாணம் செய்துகொண்டு தேனியில் இருக்கிறாள். அவர் அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் இதுதான், போடிதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவள் போன மறுநாள் அப்பா தோட்டத்துக்குப் போய், இருந்த தோட்டா எல்லாவற்றையும் மண்மேட்டில் சுட்டுத் தீர்த்துவிட்டு வந்தார். எப்போதும் கூடுகளை எண்ணிப் பொறுக்குகிறவர் அன்று பொறுக்கவே இல்லை. ஜீப் ஓட்டுகிற பெருமாள்சாமி அண்ணன்தான் பொறுக்கிப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அதிலிருந்து அந்த அறை பூட்டிக் கிடந்தது. இன்று அப்பா சாவியை என் கையில் கொடுத்தார்.

"அக்கா பண்றதப் பாத்திருக்கேல்ல. உக்காரு."

அக்காவின் முக்காலி எனக்கு உயரமாக இருந்தது. கால் தரையில் எட்டவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

அம்மா குளியலறைக்குள் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு அக்காவிடம் போனில் பேசுகிறாள். வாரத்துக்கு இரண்டு முறை. வாளி நிறைந்து கொல்லை வரைக்கும் தண்ணீர் ஓடியது. "சாப்பிட்டியா" என்பது மட்டும் கேட்டது. கண் சிவந்து வெளியே வந்து, சோப்பு எரிகிறது என்றாள்.

அறிவியல் ரிவிஷனில் அறுபத்தொன்பது.

மார்ச் 8, வெள்ளி

இரவு சாப்பிடும்போது அப்பா, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"மூத்தவகிட்டப் பேசுறப்போ இனிமே பைப்ப மூடிட்டே பேசு. தண்ணி வீணாகுது."

அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா மோர் ஊற்றச் சொன்னார். பிறகு, மறுவீட்டு விருந்து என்று ஒன்று வைக்க வேண்டுமல்லவா என்றார். ஊரில் வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், தோட்டத்து வீட்டில் வைக்கலாம், இருபத்து நாலாம் தேதி ஞாயிறு. நம் ஆட்கள் மட்டும். அந்தப் பையன் ஆட்டுக்கறி சாப்பிடுவானா, கோழியா என்று கேட்டுவைக்கச் சொன்னார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா கை கழுவ எழுந்தபோது என் பக்கத்தில் நின்றார்.

"கேப் வந்திருச்சு பாப்பா. அடுத்த வாரம் மருந்து போட்டுறலாம்."

இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். அதனால் எனக்கு என்ன?

மார்ச் 10, ஞாயிறு

கேப் பத்துத்தான் கிடைத்தது. கொண்டுவந்து கொடுக்கிற ஆள் இனிமேல் வரமாட்டாராம். துப்பாக்கியும் பத்துத்தான் கொள்ளும்.

விருந்துக்கு மேசையை எங்கே போடுவது என்று அப்பா காகிதத்தில் வரைந்து பார்க்கிறார். வெளிவராந்தாவில், உள்ளறைக் கதவுக்கு நேரே. எபினேசர் எந்த நாற்காலி, அக்கா எந்த நாற்காலி என்று எழுதுகிறார். அக்காவின் நாற்காலியை இரண்டு முறை அடித்துத் தள்ளிப் போட்டார். "பாத்தியா, எவ்வளவு ஆசையா பண்றாரு" என்று அம்மா என் தொடையில் தட்டினாள்.

அப்புறம் காலித் துப்பாக்கியில் மர உறையை மாட்டி, ஜன்னலில் நின்று தோளில் வைத்துப் பார்த்தார். தோளில் வைத்தால் கை நடுங்குவதில்லை.

மார்ச் 13, புதன்

அப்பா எனக்குப் பரீட்சைக்குப் புது ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கிவந்தார். நான் கேட்கவே இல்லை. நல்லவர் என்று எழுதிவைக்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

செய்ததை எழுதுகிறேன். எழுதினால் பயம் குறையும் என்று நினைத்தேன்.

மரக்கட்டையில் பத்துக் குழி இருக்கும், இட்லித் தட்டு மாதிரி. கேப் வைத்த கூடுகளை அதில் நிறுத்தினேன். சின்னத் தராசில் மருந்தை நிறுத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குண்டு வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்து, மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். எந்த அவசரத்திலும் அதை விடமாட்டார். இன்றும் பார்த்தார். பத்தும் சரி என்றார். குண்டு வைக்கச் சொன்னார்.

அப்போது அவருக்குப் போன் வந்தது. அவர் போனில், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போனால்தான் பேச்சு கேட்கும். நேற்றுத் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஒவ்வொரு தேர்தலுக்கும் நடப்பதுதான். பேசியது ஸ்டேஷன் ரைட்டர், அங்கே எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரர்.

அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டை நோக்கிப் போனது. நான் முதல் கூட்டை எடுத்து மருந்தைத் திரும்பப் பாட்டிலில் கொட்டினேன். யோசித்துச் செய்யவில்லை, என் கை செய்தது. இரண்டாவது. மூன்றாவது. சிந்தக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஆறு முடிந்து ஏழாவதில் கை வைத்தபோது செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. வேகமாக அந்த ஆறின் மேலும் குண்டை வைத்து அழுத்தினேன். அப்பா வந்தபோது ஏழாவதுக்குக் குண்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்காவ விட வேகமா இருக்கியே" என்றார்.

பத்தும் முடிந்ததும் பிஸ்கட் டப்பாவில் போட்டார். டப்பாவைக் கையில் குலுக்கிக்கொண்டே பீரோ வரைக்கும் போனார். பீரோச் சாவி அவர் இடுப்புக் கயிற்றில் இருக்கிறது. எந்த ஆறு என்று இனிமேல் எனக்கும் தெரியாது.

ஏன் செய்தேன் என்று எழுதமாட்டேன்.

பயம் குறையவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

ரைட்டர் நேரிலேயே வந்துவிட்டார். காபி குடித்தார், அம்மா ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்தாள். எல்லாரும் ஒப்படைத்துவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி என்றார். துப்பாக்கி மலை வீட்டில் இருக்கிறது, எடுத்துவர வேண்டும் என்று அப்பா சொன்னார். அது பீரோவில் இருப்பது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழம விருந்து இருக்கு. அது முடியட்டும். திங்கக்கிழம காலைல நானே கொண்டாந்து வச்சிர்றேன்" என்றார் அப்பா.

"தேர்தல் முடியிற வரைக்கும் துப்பாக்கி எங்ககிட்ட, ஓட்டு உங்ககிட்ட. ரெண்டையும் நீங்களே வச்சுக்கிட்டா எப்பிடிண்ணே?"

எல்லாரும் சிரித்தார்கள். இன்றைக்கே வாங்கிக்கொண்டு போங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 20, புதன்

அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தபோது அவள் போனில் அக்காவைக் கூப்பிட்டேன். கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டேன்.

விருந்துக்கு வராதீங்க என்றேன். ஏன்டி, உனக்குக் கறி பங்கு குறைஞ்சிருமா என்று சிரித்தாள். பத்துத் தோட்டா செய்திருக்கிறோம் என்றேன். அப்பா எப்போதும் செய்கிறதுதானே என்றாள். மேசை வரைந்ததைச் சொன்னேன். துப்பாக்கி மலையில் இருப்பதாக ரைட்டரிடம் சொன்னதைச் சொன்னேன். அக்கா சிரிப்பை நிறுத்தினாள். அவள் பயந்துவிடக்கூடாது என்று மற்றதையும் சொன்னேன்.

"பயப்படாதக்கா. ஆறுல மருந்த எடுத்துட்டேன்."

"எடுத்துட்டுக் குண்டு வச்சிட்டியா?"

"ஆமா."

"அடியில கேப் இருக்கா?"

"இருக்கு."

"ஐயோ மிருது."

அவள் சொன்னபிறகுதான் தெரிந்தது. மருந்து இல்லாவிட்டாலும் கேப் வெடிக்கும். அந்த வேகம் குண்டை வெளியே தள்ளப் போதாது, குழாய்க்குள் பாதி வழியில் கொண்டுபோய்ச் சிக்கவைத்துவிடும். சுடவில்லையே என்று அந்தக் கூட்டைக் கையால் இழுத்து வெளியே தள்ளிவிட்டு மறுபடி விசையை அழுத்தும்போது, அடுத்தது மருந்துள்ளதாக இருந்தால் அது போக வழியில்லை. துப்பாக்கியே பிளந்துவிடும். அப்பா ஒவ்வொரு கூட்டிலும் டார்ச் அடிப்பது இதற்காகத்தான்.

"தோள்ல வச்சு, கன்னத்த ஒட்டிக்கிட்டுல்ல சுடுவாரு. கண்ணு போயிரும்டி. எந்த ஆறுன்னு தெரியுமா?"

"டப்பால போட்டுக் குலுக்கிட்டாரு."

தராசில் நிறுத்தால் மருந்து இல்லாதது எடை குறைவாகக் காட்டும் என்றாள். டப்பா பீரோவில் இருக்கிறது, சாவி அவர் இடுப்பில் என்றேன். பிறகு, நாங்கள் வரவில்லை, ஆனால் நீ அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றாள். சொன்னால் நிறுத்துப் பார்த்துச் சரிபண்ணிவிடுவாரே என்றேன்.

பத்தில் நாலு யாருக்கோ. ஆறு அப்பாவுக்கு. இரண்டையும் செய்தது என் கை.

மார்ச் 21, வியாழன்

அவர்கள் வரமாட்டார்கள் என்று அம்மா அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னாள். அப்பா போனை வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போனார். திரும்பி வர அரை மணி நேரம் ஆனது.

"வர்றாங்க" என்றார்.

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னாள். அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

"அப்பா அழுதாருடி. அவரு அழுது நான் கேட்டதே இல்ல. இவரும் போகலாம்னு சொல்றாரு. நீ சின்னப்புள்ள, கண்டதையும் நெனச்சுக் கொழப்பிக்கிட்ட. அந்த ஆறு விஷயத்த மட்டும் அப்பாகிட்டச் சொல்லிரு. சரியா?"

சரி என்றேன். அம்மா பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்.

மார்ச் 22, வெள்ளி

சொல்லவில்லை.

மார்ச் 23, சனி

இரண்டு நாளாகத் தமிழ்ப் புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.

இன்று சொன்னால், அப்பா பீரோவைத் திறந்து, தராசில் பத்தையும் நிறுத்து, ஆறையும் பிரித்து மறுபடி மருந்து போட்டுவிடுவார். கேப் கெடாமல் அப்படியே இருக்கிறது. ஒரு மணி நேர வேலை. என்னையே உட்காரவைத்துச் செய்யச் சொல்வார். நானும் செய்வேன்.

சொல்லாமலே இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போதெல்லாம் அப்பாவின் கன்னம்தான் நினைவுக்கு வருகிறது. சவரம் செய்யும்போது எப்போதும் காதுக்குக் கீழே கொஞ்சம் விட்டுவிடுவார்.

தோட்டத்தில் இந்தத் தராசு கிடையாது. அங்கே இருப்பது ஏலக்காய் மூட்டை நிறுக்கிறது. அதில் ஒரு தோட்டாவை வைத்தால் முள் அசையக்கூட அசையாது. மலைக்கு ஜீப்பில் ஒன்றேகால் மணி நேரம். எங்களை இறக்கிவிட்டு, பெருமாள்சாமி அண்ணன் அக்காவையும் எபினேசரையும் கூட்டிவர அடிவாரத்துக்குத் திரும்பிப் போவார். அந்த இடைவெளியில்தான் சொல்ல வேண்டும். அப்போது சொன்னால் அப்பாவுக்கு எதுவும் ஆகாது, எதையும் சரிபண்ணவும் முடியாது.

மலையில் அரிவாளும் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் சோற்றைப் பிசையவே அப்பாவின் கை நடுங்குகிறது.

என்னை என்ன செய்வார் என்று தெரியவில்லை. அங்கிருந்து ஓடினாலும் எங்கே போவேன், காடுதான்.

மார்ச் 24, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் அம்மாவும் நானும், எங்கள் காலடியில் கறித் தூக்குவாளி, வாழையிலைக் கட்டு. அப்பா முன்னால். அவர் மடியில் துண்டு போட்டு மூடிய மரப்பெட்டி. அம்மா அதைப் பார்த்துவிட்டு, ரைட்டரிடம் மலையில் இருப்பதாகச் சொன்னீர்களே என்று கேட்டாள். நாளைக்கு ஒப்படைக்க வேண்டும், அதற்கு முன்னால் எண்ணெய் போட்டு வைக்கிறேன் என்றார். அம்மா தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் தூக்குவாளியைப் பிடித்திருந்த கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே போனதும் மேசையைப் படத்தில் இருந்தபடியே போட்டார்கள். ஜீப் திரும்பிப் போனது. வளைவில் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தேன். அம்மா அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து, பத்துத் தோட்டாவையும் துப்பாக்கியில் ஏற்றியிருந்தார். மர உறையை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிலிலிருந்து பார்த்தால், திறந்த கதவு வழியாக எபினேசரின் நாற்காலி நேராகத் தெரிந்தது.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்த்தையை ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது.

"அப்பா, அத சுடாதீங்க. அதுல ஆறுல மருந்து இல்ல. நாந்தான் கொட்டிட்டேன். எந்த ஆறுன்னு எனக்குத் தெரியாது."

அப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போர்வைமேல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கிப் பார்த்தார், உள்ளே மருந்து அசைகிறதா என்று. அவர் கை தானாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. எது குலுக்கல், எது நடுக்கம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இன்னொன்றை எடுத்தார். அதையும் வைத்துவிட்டார்.

அம்மா எப்போது வந்து என் பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. கையில் கரண்டி இருந்தது. கதவு வழியாக நாற்காலியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"விருந்துக்குத்தான வரச் சொன்னீங்க?" என்றாள்.

அம்மா கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், பத்தையும் அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். கக்கூஸ் குழியின் மூடியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வெங்காயம் அடிபிடித்துவிட்டது. கீழே கொட்டிவிட்டு மறுபடி நறுக்க உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்து நறுக்கினேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், கேட்டால் சொல்ல வெங்காயம் இருந்தது.

பதினொன்றரைக்கு ஜீப் வந்தது. அக்கா மெலிந்திருந்தாள். எபினேசர் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடி இறங்கினார்.

"அட்டைப்பூச்சி இருக்கும்னு கீர்த்தி சொன்னா மாமா. பரவாயில்ல, நானும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற ஆளுதான், ஒரே தொழில்" என்றார்.

அம்மா சிரித்தாள். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள். அப்பா வாங்க என்றார். அது மட்டும் சொன்னார்.

எபினேசர் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். கறி நன்றாக இருப்பதாக மூன்று முறை சொன்னார். அப்பா தன் இலையில் சோற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தார். ரசம் ஊற்றும்போது எபினேசர் கேட்டார்.

"நூறு வருஷத்துத் துப்பாக்கி ஒண்ணு இருக்காமே மாமா. பாக்கலாமா?"

அம்மாவின் கையில் ரசக் கிண்ணம் அப்படியே நின்றது. அப்பா எழுந்து கை கழுவினார், உள்ளே போனார், எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். எபினேசர் இரண்டு கையாலும் வாங்கினார், கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கனம். இது இன்னமும் சுடுமா?"

"தோட்டா இல்ல" என்றார் அப்பா.

அக்கா கை கழுவப் பின்பக்கம் வந்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"திட்டுனாரா?"

"இல்ல."

"ஏன் கொட்டுனேன்னு கேட்டாரா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அக்காவின் கை தண்ணீருக்கு அடியில் அப்படியே இருந்தது. செம்பு காலியாகும்வரை ஊற்றினேன். அவள் கையை எடுக்கவில்லை.

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். இனி எங்களை எதற்கும் வரச்சொல்லாதீர்கள் என்று அக்கா என் காதில் சொன்னாள். பிறகு, நீ மட்டும் போன் பண்ணு என்றாள். எபினேசர் அப்பாவிடம் போயிட்டு வர்றோம் மாமா என்றார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவேளை ஜீப்பில் போகும்போது அக்கா சொல்லியிருப்பாள்.

மார்ச் 25, திங்கள்

நாளைக்குத் தமிழ்ப் பரீட்சை.

காலையில் அப்பா தனியாகவே ஸ்டேஷனுக்குப் போய்த் துப்பாக்கியை ஒப்படைத்தார். நேற்றிலிருந்து என்னிடமும் அம்மாவிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். இன்று அவள் குளியலறையில் இருந்தபோது பைப் சத்தம் கேட்கவில்லை, அழுகிற சத்தம்தான் கேட்டது.

மதியம் அப்பா என் அறைக்கு வந்தார். நோட்டைப் புரட்டிப் போட்டேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஸ்டேஷன் ரசீது. துப்பாக்கியின் நம்பர், அப்பாவின் பெயர், ரைட்டரின் கையெழுத்து, முத்திரை.

"ஓட்டு எண்ணி ரிசல்ட் வந்ததும் ஜூன் மாசம் திருப்பித் தருவாங்க. இது இல்லாமத் தரமாட்டாங்க" என்றார்.

நான் சரி என்றேன்.

"நீயே வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத."

போய்விட்டார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

அவர் அதைச் சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்க்கவில்லையே என்று இப்போது தோன்றுகிறது. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகச் சொன்னாரா, இன்றைக்கு மட்டும் சொன்னாரா தெரியவில்லை. ஜூனில் வந்து கேட்டால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். வாசலில் நின்று, பாப்பா அத எடு என்று சொன்னால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவேன். முக்காலியில் உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தவள்தானே நான். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் அதை இந்த வீட்டில் வைக்கப்போவதில்லை. கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். திருமதி கீர்த்தனா எபினேசர் என்று எழுதி, தேனி விலாசத்தையும் எழுதிவிட்டேன். நாளை காலை பரீட்சை ஹாலுக்குப் போகும் வழியில் தபால் ஆபீஸ் இருக்கிறது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வேண்டும், ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். ஒன்பதேகாலுக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். ஓடினால் முடியும்.